இருபத்தைந்தாம் வாசல்

இரவு ஒன்று பத்துக்கு
லிங்கராஜபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை
உலகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கியது.
நிமிடத்துக்கு அறுநூறு.
ஷட்டர் இறக்கி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

பானஸ்வாடி மெயின் ரோட்டில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
பதினோராயிரம் வீடுகளுக்கு இணையம் தருகிறோம்.
புகார் மேசை என்று பெயர். மேசைக்கு நான் ஒருத்திதான்.
பன் வேகும் வாசனையில்
திரையில் அந்தக் கடையின் கோடு
காய்ச்சல் ஏறுவதுபோல் ஏறுகிறது.

"எல்லோருக்கும் இருபத்தைந்தை மூடு" என்பார் ஹெக்டே.
கடிதம் வெளியேறும் வாசலின் எண் அது.
ஒருமுறை மூடியிருக்கிறேன்.
போன ஜூலை. ஒரே வரிக் கட்டளை,
பதினோராயிரம் கதவுகள்.
கோடு படுத்தது. நானும் படுத்தேன்.

விடிந்த பிறகுதான் தெரிந்தது,
ஃப்ரேசர் டவுன் ஜெய்புன்னிசா
சமையலறை அலமாரியில், மிக்ஸிக்குப் பக்கத்தில்,
சொந்தமாக ஓர் அஞ்சல் சர்வர் வைத்திருப்பது.
காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில்
பஸ் பொறுப்பு அவளுக்கு.
மழையில் ஹெண்ணூர்ப் பக்கம் அடிப்பாலம் முழுகிவிட,
நிறுத்தம் மாறுகிறது என்று
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கு எழுதினாள்.
ஒன்றுகூட வாசல் தாண்டவில்லை.
பழைய நிறுத்தத்தில், குடை பிடித்தபடி,
ஒன்பதரை வரை நின்றார்கள் பிள்ளைகள்.

அவள் சத்தம் போடவில்லை.
"மூடுமுன் என்னைக் கேட்டிருக்கலாமே"
ஒரே ஒரு வரி.
வேறு கம்பெனி இணைப்பிலிருந்து வந்தது.

அதன்பின் நான்கு மாதம் ஹெக்டேயோடு மல்லுக்கட்டினேன்.
வாசல் சாத்தியே இருக்கட்டும் சார்,
கேட்பவருக்குச் சாவி கொடுப்போம்,
காசு வேண்டாம், காரணமும் வேண்டாம்.
நேற்றுவரை நாளுக்கு ஐந்து எழுதிய வீடு
திடீரென்று ஐயாயிரம் எழுதினால்
நிறுத்த வேண்டாம், நடக்கவிடுவோம், ஓடவிடாமல்.
கடிதத்தைப் பிரிக்கவே கூடாது.
உறையை எண்ணினால் போதும்.

டீயை ஆற்றியபடி கேட்டார்:
"அப்புறம் வீடு வீடாக யார் போன் பண்ணுவது?"

நான்.

ஒன்பது நிமிடத்தில் கடையைப் பிடித்துவிட்டேன்.
நிமிடத்துக்கு ஒன்று, அதற்குமேல் இல்லை.
வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
ஜெய்புன்னிசாவின் இருநூற்றுப் பன்னிரண்டு
வழக்கம்போல் பத்தே முக்காலுக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

காலையில் போன் போட்டேன்.
"சார், உங்க இன்டர்நெட் கம்பெனியிலிருந்து..."
"நேத்து பேங்க்லருந்து. முந்தாநாள் கரண்ட் ஆபீஸ்லருந்து.
இன்னிக்கு நீயாம்மா?"
வைத்துவிட்டார்.
தப்பே இல்லை.
நாங்கள் வருஷக்கணக்காகச் சுமந்துபோய்க் கொட்டிய குப்பைதான்
அவருக்கு இதைக் கற்றுத் தந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.
கோதண்டம் என் அடையாள அட்டையை
முன்னும் பின்னும் பார்த்தார்.
ஒரு ஜெராக்ஸ் எடுத்து டிராயரில் வைத்துக்கொண்டார்.
பிறகுதான் ஸ்டூலை நகர்த்தினார்.

கல்யாணப் பத்திரிகைக்கு இலவச எழுத்துரு என்று
கடைப் பையன் எதையோ இறக்கியிருக்கிறான்.
அதைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம்.
தலைக்குமேல் ரேஷன் கார்டுகளும்
வாடகை ஒப்பந்தங்களும் கைமாறிக்கொண்டிருந்தன.

"ராத்திரி பூரா என் பேர்ல
யாருக்கு, என்னம்மா எழுதிச்சு?"
"தெரியாது சார். நாங்க படிக்கிறதில்ல.
ஓடவிட்ட ஒம்பது நிமிஷத்துல எத்தனைன்னு சொல்லலாம்.
அஞ்சாயிரத்து நானூறு."

கால்குலேட்டரைத் தேடாமலே
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் என்று
உதட்டுக்குள் கணக்குப் போட்டார்.
"பத்தாயிரத்து எண்ணூறு" என்றார்,
யாரோ கொடுக்காமல் போய்விட்டதுபோல
தெருவைப் பார்த்து.